உயிருடன் வழங்குபவர் இராகுலன்

2021ஆம் வருடம் நாடு முழுக்கப் பூட்டிக் கிடந்தபோது கடலோரக் கலைகள் இணைப்புப் பணிமனை மட்டும் விழித்துக்கொண்டது. அதற்கு முந்தின ஏழு வருடத்தில் அது உருப்படியாகச் செய்த ஒரே வேலை, தன் பெயர்ப்பலகையைப் பெரிதாக்கினதுதான். இப்போது புல்மோட்டை தொடக்கம் கட்டைபறிச்சான் வரைக்கும் உள்ள கலைஞர்கள் நாற்பத்துமூன்று பேருக்கு அதனிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. முதல் வரியே இப்படி: “முடக்க காலத்தில் கலைஞர்கள் தத்தம் வீடுகளிலிருந்து உயிருடன் நிகழ்ச்சி வழங்குதல் கட்டாயமானது.”

பாலையூற்றில் இராகுலன் அதை வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ரூபி, இஞ்சை ஓடி வாரும். நான் உயிரோடை இருக்கவேணுமாம். பணிமனைக் கந்தோர் ஓடர்.”

ஜெயரூபி குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். “ஆரோ ஒருத்தருக்காவது பயந்து இருங்கோவன்,” என்றாள்.

நேரலை என்று நல்ல சொல் ஒன்று தமிழில் இருக்கிறது. கொழும்பில் யாரோ ‘லைவ்’ என்று எழுதியதைக் கொம்பியூட்டரிடம் கொடுத்துத் தமிழாக்கச் சொல்ல, அது தனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டது. பணிப்பாளர் குலசிங்கத்துக்கு அது பிழை என்று தெரியும். ஆனால் மேலிருந்து தமிழில் வந்ததைக் கீழே இருக்கிற தமிழர் திருத்துவதற்கு நடைமுறை இல்லை. கையெழுத்தும் முத்திரையும் வைத்து அனுப்பிவிட்டார்.

இராகுலன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். வேலை இல்லாத நேரங்களில் புல்லாங்குழல் ஊதுவார். திருவிழா, கலியாணம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு என்று யார் கூப்பிட்டாலும் போவார். ஆனால் ஒருவரையும் போனில் பிடிக்க விடமாட்டார். “ஊதினது காத்துக்குப் போகவேணும். அதைப் பிடிச்சு டப்பாவிலை அடைச்சு என்ன செய்யிறது?” என்பார். அதனால் இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் ஊதின ஒரு பாட்டுக்கூட ஜெயரூபியிடம் கிடையாது. அவள் அதைப் பற்றி யோசித்ததும் கிடையாது. ஆள் வீட்டுக்குள்ளேயே இருக்கும்போது யார் யோசிப்பார்கள்?

சுற்றறிக்கையின் நாலாம் பந்தியில், கலைஞர்கள் நிகழ்ச்சி முழுவதும் முகக்கவசம் அணியவேண்டும் என்று இருந்தது. இராகுலன் பணிமனைக்குப் போன் எடுத்தார்.

“சேர், நான் புல்லாங்குழல்.”

“ஓம் தம்பி, தெரியும். காற்று வாத்தியக்காரர் பற்றி விசேட விளக்கம் கேட்டு எடுத்து வைச்சிருக்கிறன்,” என்றார் குலசிங்கம். தாளைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. “ஊதும்போது கழற்றலாம். மூச்சை உள்ளே இழுக்கும்போது போட்டுக்கொள்ள வேணும்.”

“வீட்டிலை நானும் மனிசியும் மட்டும்தான் சேர்.”

“பார்வையாளர் ஆயிரம் பேர் இருப்பினம். சனக்கூட்டத்துக்குள்ளை நிக்கிறீங்கள் எண்டதை மறக்கக்கூடாது.”

நிகழ்ச்சிக்கு முன்னால் மாதிரி ஒன்றைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். உயிருடன் வழங்கப்போவது எப்படி இருக்கும் என்று கொழும்பில் குழு முன்கூட்டியே பார்த்து அங்கீகரிக்கும். இந்த ஒரு முறைக்கு இராகுலன் தன் விரதத்தை உடைத்தார். நீலக் கோடு போட்ட சேட்டைப் போட்டு, போனை அலுமாரியில் சாய்த்து வைத்து, முகக்கவசத்தை ஒரு காதில் தொங்க விட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார்.

“குசினிக் கதவைச் சாத்தும் ரூபி. நீர் தேங்காய் துருவிறது பாட்டிலை விழும்.”

அவள் சாத்தினாள். இடையில் ஒரு தரம் தேத்தண்ணியோடு வந்தாள். படத்தில் விழக்கூடாது என்று முதுகைக் கூனிக்கொண்டு வந்து கோப்பையை வைத்துவிட்டு, அதே கூனலோடு திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிறகு தேங்காய் துருவினாள். அதற்கு மேல் கதவுக்கு அப்பால் நடந்தது ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துப் பணிமனை எழுதுநர் ஸெய்னுதீன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். கிண்ணியாக்காரன், நாற்பது வயது இருக்கும். கையில் பெரிய பதிவேடு. அதில் ஒவ்வொரு கலைஞரும் ஓர் உறுதிமொழிக்குக் கீழே, அலுவலர் முன்னிலையில், நேரில் கையெழுத்து வைக்க வேண்டும். உறுதிமொழி இதுதான்: “நான் எனது வீட்டுக்கு வெளியிலிருந்து வரும் எவரையும் சந்திக்க மாட்டேன்.”

“இதை நீர் வாசிச்சனீரோ?” என்று கேட்டார் இராகுலன்.

“வாசிச்சு என்ன செய்ற அண்ணே? நீங்க இருவத்தொம்பதாவது வீடு,” என்றான் ஸெய்னுதீன். பதிவேட்டுக்கு மட்டும் கிருமி மருந்து அடித்தான். அது அரச சொத்து. அதில் சணலால் கட்டியிருந்த பேனைக்கு மருந்து அடிக்கச் சொல்லி ஒருவரும் எழுதியிருக்கவில்லை.

ஐந்தாம் நாள் இராகுலனுக்குக் காய்ச்சல். ஏழாம் நாள் அம்புலன்ஸ் வந்தது. வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஜெயரூபி உள்ளே, அவர் ஆஸ்பத்திரி வாட்டிலே. மூன்று நாள் போனில் கதைத்தார்கள். கடைசி நாள் மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

“புதன்கிழமை என்ர புரோக்கிராம் போடுவினமோ தெரியாது. போட்டால் பாரும், விட்டுடாதையும். நானும் இஞ்சை கட்டிலிலை கிடந்து பாப்பன்.”

புதன்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு அவர் போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவள் வரக்கூடாது, முகம் பார்க்க ஏலாது, உடுப்பு, போன் எல்லாம் சேர்த்து எரிக்கப்படும். ஜெயரூபி “ஓம், ஓம்” என்றாள். பிறகு வீட்டுக்குள் இங்கேயும் அங்கேயும் நடந்தாள். அழுகை வரவில்லை. அழுகிறதென்றாலும் கட்டிப்பிடித்து அழ ஓர் ஆள் வேண்டாமா? பக்கத்து வீட்டு றுஷ்தா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “அக்கா, அக்கா” என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

நாலரைக்குப் போனில் பணிமனை நிகழ்ச்சியின் இணைப்பு வந்து விழுந்தது. விட்டுடாதையும் என்றாரே. திறந்தாள்.

முதலில் மங்கல விளக்கு. குத்துவிளக்குக்கு ஐந்து திரி. ஐந்து பிரமுகர், ஐந்து வீடு. ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு விளக்கில் ஒரு திரி மட்டும் எரிந்தது. ஐந்தையும் சேர்த்து ஒரு விளக்காகக் கருதும்படி அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டார். பிறகு தேசிய கீதம். எல்லாரும் எழும்பி நிற்க, திரை முழுக்க வயிறுகள். பிறகு தலைமையுரை. குலசிங்கம் பின்னால் ஒரு மேடைப் படத்தைப் போட்டிருந்தார். தலையை ஆட்டும்போதெல்லாம் ஒரு காது மேடைக்குள் மறைந்து மறைந்து வந்தது.

“இந்தக் கொடிய தொற்று உலகமெங்கும் உயிர்களைக் காவுகொள்ளும் வேளையில்,” என்றார் அவர், “எமது பணிமனையில் பதிவு செய்யப்பட்ட நாற்பத்துமூன்று கலைஞர்களில் ஒருவரைக்கூட நாம் இழக்கவில்லை. இன்று நாற்பத்துமூவரும் உயிருடன் வருகிறார்கள். நிரல் அச்சாகிவிட்டது. அச்சான நிரலிலிருந்து எவரும் போக முடியாது!”

திரையில் பெட்டி பெட்டியாகக் கைகள் தட்டின. சத்தம் இல்லை. பார்வையாளர் எல்லாருடைய மைக்கும் பூட்டியிருந்தது.

ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அவர் வந்தார்.

நீலக் கோட்டுச் சேட்டு. ஒரு காதில் முகக்கவசம். திரையின் மூலையில் சிவப்புப் பட்டியில் வெள்ளை எழுத்து: உயிருடன். ஜெயரூபியின் கையிலிருந்து போன் நழுவி மடியில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஊதுகிறார், மூச்சு இழுக்க முகக்கவசத்தைப் பொத்துகிறார், எடுக்கிறார், ஊதுகிறார். பின்னால் குசினிக் கதவு திறந்தது. ஒரு பெண் முதுகைக் கூனிக்கொண்டு தேத்தண்ணியோடு வந்தாள். ஜெயரூபி தன்னை அறியாமல் திரும்பித் தன் வீட்டுக் குசினிக் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது. அட கடவுளே, அது நானல்லவா! புருஷன் பக்கத்தில் நிற்கிறேன், ஒரு தரம் முகத்தைக்கூடப் பார்க்காமல் போகிறேனே, திரும்பிப் பாரடி என்று அவள் வாய்விட்டுக் கத்தினாள். அந்தப் பெண் பார்க்காமலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பாட்டு முடிந்தது. இராகுலன் குழலை மடியில் வைத்தார். முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பினார்.

“ரூபி, உமக்கு—”

“நன்றி! மிக்க நன்றி!” என்று குலசிங்கம் திரை நிறைய வந்து நின்றார். “அடுத்து, நிலாவெளியிலிருந்து...”

ஒரு கலைஞருக்கு நாலு நிமிடம். நாலு நிமிடம் முடிந்திருந்தது.

மூன்றாம் வாரம் அவளுக்கு இரண்டு தபால்கள் ஒரே நாளில் வந்தன. ஒன்று மரணச் சான்றிதழ். மற்றது பணிமனையின் சான்றிதழ், தங்கக் கரை போட்டது: “திரு. இராகுலன் அவர்கள் 2021 செப்டெம்பர் 8ஆம் திகதி பி.ப. 5.52 தொடக்கம் 5.56 வரை உயிருடன் இருந்தார் என இத்தால் அத்தாட்சிப்படுத்துகிறோம்.” இரண்டையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அவளுக்கு அந்தச் சான்றிதழ் மேல் கோபம் இல்லை. அவளுடைய நினைப்பெல்லாம் அந்த அரை வசனத்தில் இருந்தது. ‘உமக்கு’ என்று தொடங்கி எத்தனை வசனம் வரும்! உமக்குப் பிடிச்சுதோ? உமக்கு விசர். உமக்கு நான் ஒண்டு சொல்லவேணும். சட்டி கழுவும்போதும் சீப்பால் தலை இழுக்கும்போதும் அவள் அதை முடித்து முடித்துப் பார்த்தாள். ஒன்றும் அவர் குரலில் வரவில்லை.

ஊர் திறந்ததும் பணிமனைக்குப் போனாள்.

“அண்டைக்குப் போட்ட அந்தப் படம் எனக்கு ஒருக்கா முழுசா வேணும் சேர். கடைசியிலை அவர் என்னோடை கதைச்ச ஒரு கதை இருக்கு. அதைக் கேட்டால் காணும்.”

“படமோ? எந்தப் படம் தங்கச்சி?” குலசிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். “அது படமில்லை. உயிருடன் நடந்தது.”

அவள் மரணச் சான்றிதழை நீட்டினாள். அவர் அதை வாங்கி, தன்னுடைய கோப்புப் பிரதிக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் வரி வரியாக ஒப்பிட்டார். மனிசன் உண்மையிலேயே வருந்தினார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“இதிலை ஒரு பிழை இருக்கு, தங்கச்சி. உங்கட பத்திரத்திலை. இதிலை ஒரு கையெழுத்துத்தான். எங்கடையிலை மூண்டு. நேரத்தையும் பாருங்கோ, எங்கடை பிந்தினது. பிந்தின பத்திரம்தான் செல்லும்.”

“சேர், ஆள் செத்துப்போச்சு.”

“நான் மறுக்கேல்லை. வீட்டளவிலை அது நடந்திருக்கலாம். ஆனால் படம் எண்டு நான் ஒத்துக்கொண்டால், நாற்பத்துமூண்டு பேரின்ரை உயிரும் கேள்விக்குறியாகும். கணக்காய்வுக்காரர் விடுவினமே? பென்சன்காரரைப் பாருங்கோ, உயிரோடை இருக்கிறம் எண்டு எழுதி வாங்க வருசா வருசம் கிராம சேவகரிட்டை அலையினம். உங்கட மனிசனுக்கு நாங்கள் வீடு தேடி அனுப்பியிருக்கிறம்.” கொஞ்சம் யோசித்தார். “உங்களுக்கு அவ்வளவு ஆசை எண்டால் ஒரு வழி இருக்கு. கலைஞர் நேரில் வந்து விண்ணப்பிச்சால் பரிசீலிக்கலாம்.”

வெளியே மோட்டார் சைக்கிள் பக்கத்தில் ஸெய்னுதீன் நின்றான். கண்ணைப் பார்க்காமல் கதைத்தான்.

“அக்கா, படம் இருக்கு. கொழும்புல. அங்க ஒரு ஐயா இருந்து ஓட்டுறார். அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் விளங்காது. எங்கட சேர் ‘நன்றி’ எண்டு சொன்னா நிப்பாட்டச் சொல்லி வச்சிருக்கு. எனக்கு உங்கட மைக்குகளப் பூட்டித் திறக்கிற வேலை மட்டும்தான். நானும் ரெண்டு தரம் எழுதிக் கேட்டன். படமே இல்லை எண்டு பதில் வந்திச்சி.” பிறகு, “அந்தப் பேனையக் கொண்டு வந்தது நான்தான் அக்கா,” என்றான்.

அவன் மேல் கோபப்பட வேண்டும்போலத்தான் இருந்தது. அவன் முகத்தைப் பார்த்தபோது அதற்கும் மனம் வரவில்லை.

மறு வருடம் கொரோனா போய்விட்டது என்று நாட்டில் எல்லாருக்கும் தெரியும். பணிமனைக்குத் தெரியாது. அது போய்விட்டதாகக் கடிதம் வரவில்லை. ஆகவே ‘வீட்டிலிருந்து உயிருடன்’ வருடாந்த நிகழ்ச்சியாயிற்று. அந்த வருடம் கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, காஸ் இல்லை. கலைஞர்கள் எல்லாரும் வரிசைகளில் நின்றார்கள். இருந்தாலும் நாற்பத்துமூன்று பேரும் தவறாமல் பழைய மாதிரிகளில் உயிருடன் வந்தார்கள். கனடாவுக்குப் போன வயலின்காரர் வந்தார். ஊதுகிறதை விட்டுவிட்டு ஓட்டோ ஓட்டுகிற நாதஸ்வரக்காரர் வந்தார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு இராகுலன் வந்தார். ஜெயரூபி றுஷ்தாவின் போனைக் கடன் வாங்கி, தன் போன் திரையைப் படம் பிடித்தாள். நாலு நிமிடமும் கிடைத்தது. “ரூபி, உமக்கு—” வரைக்கும் கிடைத்தது. “நன்றி! மிக்க நன்றி!”யும் அதோடு சேர்ந்து கிடைத்தது.

மூன்றாம் வருடம் யாரோ கீழே எழுதினார்: “இராகுலன் அண்ணைக்கு வயசே போகேல்லை. என்ன சாப்பிடுறார்?” நாலாம் வருடம், ஒரு நிமிடமும் பிந்தாமல் வருகிற ஒரே கலைஞர் என்று அவருக்கு ‘நேரந்தவறாமைச் செம்மல்’ பட்டம் கொடுத்தார்கள். “இளங்கலைஞர்கள் இவரைப் பின்பற்ற வேண்டும்,” என்றார் குலசிங்கம். பட்டயம் தபாலில் வந்தது. ஜெயரூபி அதை அலுமாரிக்குள் மற்றவற்றோடு வைத்தாள். இப்போது அவரிடம் ஒரு மரணச் சான்றிதழும் நாலு உயிர்ச் சான்றிதழும் இருந்தன. சில நாள் காலமை எழும்பும்போது எது சரி என்று அவளுக்கே ஒரு கணம் தடுமாறும். பிறகு பக்கத்துத் தலையணையைப் பார்ப்பாள்.

ஐந்தாம் வருடம், 2025. குலசிங்கம் ஓய்வு பெற முன்னம் நடக்கிற கடைசி நிகழ்ச்சி. பின்னேரம் மழை இருட்டு. துறைமுகப் பக்கம் இடி. ஜெயரூபி வழக்கம்போலக் கதிரையைப் போட்டு இருந்தாள். ஐந்து திரி, வயிறுகள், தலைமையுரை. ஐந்து ஐம்பத்திரண்டு. அவர் வந்தார்.

ஊதினார். கூனல் முதுகுக்காரி வந்தாள், பார்க்காமல் போனாள். நாலு வருடமாகக் கத்தி ஜெயரூபிக்கு அலுத்துவிட்டது. போ என்று விட்டுவிட்டாள். மூன்றாம் நிமிடம் ஓடும்போது பெரிய இடி ஒன்று விழுந்தது. மூலைப் பெட்டியில் இருந்த குலசிங்கம் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்தார். பிறகு அந்தப் பெட்டி கறுத்தது.

நாலாம் நிமிடம் முடிந்தது. ‘நன்றி’ சொல்ல ஆள் இல்லை. கொழும்பில் தமிழ் விளங்காத அந்த மனிதர் நன்றிக்காகக் காத்துக்கொண்டிருந்தார் போலும். படம் ஓடியது.

ஜெயரூபி கதிரையின் நுனிக்கு வந்தாள்.

இராகுலன் குழலை மடியில் வைத்தார். முகத்தைக் குசினிப் பக்கம் திருப்பினார்.

“ரூபி, உமக்குக் கேக்குதே?”

இவ்வளவுதானா! நாலு வருடமாக அவள் முடித்துப் பார்த்த நூறு வசனத்திலும் இது இல்லை. அவர் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டே இருந்தார். உள்ளே தேங்காய் துருவுகிற சத்தம், மெல்லிசாக, கதவுக்கு அப்பால்.

“கேக்குது, கேக்குது!” கறுத்த பெட்டியிலிருந்து குலசிங்கத்தின் குரல் பாய்ந்து வந்தது. இணைப்பு அந்தக் கணம்தான் திரும்பியிருந்தது. “நல்லாக் கேக்குது தம்பி இராகுலன். என்ர படம் உங்களுக்குத் தெரியுதே?”

அந்த நேரம் ஜெயரூபியின் திரையில், கீழே பூட்டிக் கிடந்த மைக் அடையாளம் திறந்தது. ஸெய்னுதீன் திறந்துவிட்டிருந்தான்.

“அது உங்களைக் கேட்டது இல்லை, சேர்,” என்றாள் ஜெயரூபி. ஆயிரம் வீட்டுக்கும் கேட்டிருக்கும். “என்னைக் கேட்டது.”

“ஆர் இது? பார்வையாளர் கலைஞரோடை கதைக்க ஏலாது. அதுக்கு முன்கூட்டியே எழுத்திலை—”

“ஓம் அப்பா,” என்றாள் அவள், திரையில் இராகுலனைப் பார்த்து. “கேக்குது. எனக்குக் கேக்குது.”

திரையில் இராகுலன் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பி, போனை நிறுத்த வந்தார். முகம் பெரிதாகிக்கொண்டே வந்தது. காதில் முகக்கவசம் ஆடியது. குனிந்தபடியே குசினியைப் பார்த்து இன்னொரு தரம் சொன்னார்.

“முடிஞ்சுது ரூபி. இனிக் கதவைத் திறவும்.”

விரல் திரையை மூடியது. எல்லாம் கறுப்பு. மூலையில் அந்தச் சிவப்புப் பட்டி மட்டும் இருந்தது: உயிருடன்.

குலசிங்கம் நன்றி சொல்லத் தொடங்கினார். ஜெயரூபி போனைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பிப் போய், குசினிக் கதவைத் திறந்து விட்டாள்.